திரைக்குப் பின்னால் ஊதியவர்கள்

அமெரிக்க இசையின் நூறு வருடத்தை மேடையில் காட்ட வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டது நானில்லை, எங்கள் கல்லூரித் தாளாளர் விஜயபாண்டி. அவருடைய மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். ஆண்டு விழாவுக்கு அவனோடு வேலை பார்க்கும் வெள்ளைக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறான். போடிநாயக்கனூர் ஒன்றும் பட்டிக்காடு இல்லை என்று அவர்களுக்குக் காட்டியாக வேண்டும். அதற்காக, ஆங்கிலம் நடத்துகிற என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நல்லா செய்யணும் சுகன்யா. பத்து வருசம் பத்து வருசமா, ஜாசு, ராக்கு, அவங்க சாஸ்திரிய இசை, எல்லாம் வரணும்."

"செல்போன்ல பாட்டுப் போட்டுக் காட்டுறதவிட நேர்ல வாசிச்சா நல்லாருக்கும் சார். எங்கண்ணன் டிரம்பெட் வாசிக்கும். செட்டு ஆளுகளும் இருக்காங்க."

அவர் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

என் அண்ணன் பால்ராஜ் போடியில் பேண்டு செட்டு வைத்திருக்கிறான். கல்யாண ஊர்வலத்துக்கும் ஊதுவான், சாவுக்கும் ஊதுவான். சோலி இல்லாத மாதங்களில் ஜீப்பில் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போவான். போடியில் அவன் ஊதாத கல்யாணம் கிடையாது. அவன் உள்ளே போன மண்டபமும் கிடையாது. பெண் மாப்பிள்ளையை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டால் செட்டின் வேலை முடிந்தது. சாப்பாடு மண்டபத்துக்குப் பின்பக்கம், எல்லோரும் சாப்பிட்ட பிறகு.

அதனால்தான் அவனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "மேடையில வாசிக்கப் போற. நாற்காலி போட்டு உக்கார வப்பேன். மைக்கில ஒம்பேரச் சொல்லுவேன்."

"பேரச் சொல்லுவாங்களா பாப்பா?" என்று கேட்டான். தலை நரைக்கத் தொடங்கிய ஆள், சின்னப் பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான். மேடையும் இல்லை, நாற்காலியும் இல்லை, அவனுக்கு வேண்டியிருந்தது அந்தப் பேர் ஒன்றுதான்.

ஊருக்குள் ஒத்திகை பார்க்க முடியாது. எங்கள் தெருவில் டிரம்பெட் சத்தம் கேட்டால், "யாரு போய்ட்டா?" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். அதனால் போடிமெட்டு ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்குப் போனோம். எஸ்டேட் ஜீப்புகள் ஹாரன் அடித்துவிட்டுப் போகும், மற்றபடி குரங்குகள்தான். அண்ணன், கிளாரினெட் வாசிக்கிற பிச்சைமணி, டிரம் அடிக்கிற அமாவாசை சித்தப்பா எல்லோரும் தடுப்புச் சுவரில் உட்கார, நான் செல்போனில் பாட்டுகளைப் போட்டுக் கதை சொன்னேன். பருத்திக் காட்டில் அடிமைகளாக இருந்த கறுப்பு சனங்களின் பாட்டிலிருந்துதான் அந்த நாட்டுப் பாட்டெல்லாம் கிளைத்தது என்றேன். உள்நாட்டுப் போர் முடிந்ததும் பட்டாளத்துப் பித்தளை வாத்தியங்கள் மலிவாக அவர்கள் கைக்கு வந்தன என்று சொல்வார்கள் என்றேன்.

"நமக்கும் வெள்ளைக்காரன் பட்டாளத்துலருந்துதான இது வந்துச்சு" என்றார் சித்தப்பா.

நியூ ஆர்லியன்ஸ் என்கிற ஊரில் அவர்களும் சாவுக்கு ஊதுவார்கள் என்று சொன்னபோதுதான் மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சுடுகாட்டுக்குப் போகும்போது மெல்ல, அழுகிற மாதிரி ஊதிக்கொண்டு போவார்கள். புதைத்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டம் பாட்டம்.

"கூறுகெட்ட சனமா இருக்கே!" என்றார் சித்தப்பா. "பொணம் முன்னால போகும்போதுதான ஆடணும்? திரும்பும்போது வாயப் பொத்திக்கிட்டு வரணும். தலகீழால்ல செய்றாங்க."

அண்ணன் செல்போனை வாங்கிக் காதோரம் வைத்துக்கொண்டான். அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு எழுந்து பள்ளத்தாக்கைப் பார்த்து நின்று ஊதினான். முதலில் மெதுவான பாட்டு. அடுத்து வேகமான பாட்டு. அதற்குச் சித்தப்பாவின் கை தானாக எங்கள் ஊர் அடிக்குப் போய்விட்டது. அமெரிக்கப் பாட்டும் போடி அடியும் அப்படி ஒட்டிக்கொண்டன. அது எந்த அடி என்று எங்கள் நாலு பேரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து காதில் விழுகிற சத்தம் தனியாகவா தெரியும்?

விழா அன்றைக்கு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மூன்று பேரும் வந்தார்கள். மேடையில் நாற்காலி இல்லை. பின்பக்கம் ஒரு நீலத் திரை தொங்கியது. உடற்கல்வி ஆசிரியர் அழகுராஜா என்னிடம் வந்து, "மேடம், செட்டு ஆளுக திரைக்குப் பின்னாடி நின்னு வாசிக்கட்டும். முன்னாடி நம்ம பிள்ளைக நிப்பாங்க" என்றார். மூன்று மாணவர்கள் கறுப்புக் கோட்டு, தொப்பியோடு தயாராக நின்றார்கள். கையில் மதுரையிலிருந்து வாடகைக்கு வந்த பளபளக்கும் டிரம்பெட், கிளாரினெட், ஒரு டிரம். ஒருத்தன் கிளாரினெட்டைப் புட்டிப்பால் குடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தான்.

நான் தாளாளரிடம் ஓடினேன். அவர் கோபப்படக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"ஏம்மா, வெளிநாட்டுக்காரங்க வர்ற மேடை. எழவுக்கு ஊதுறவங்கள நடுவுல நிப்பாட்டுனா நல்லாவா இருக்கும்? சத்தம் ஒங்க ஆளுகளோடதுதான? அது போதாதா?"

அப்படியே வெளியே போய்விடலாம் என்று அண்ணனைக் கூப்பிட்டேன். "கோவப்படாத பாப்பா. வர்றேன்னு சொல்லிட்டு வந்த எடத்துல திரும்பிப் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் நின்றான். தாளாளர் மேல் வந்த கோபத்தைவிட அவன் மேல் எனக்கு அதிகமாகக் கோபம் வந்தது. எத்தனை குட்டினாலும் குனிந்துகொண்டே இருக்கிற தலை என்ன தலை?

ஆனாலும் மேடை ஏறினேன். நான் எழுதி வைத்திருந்ததை அவர்கள் காதுகளில் ஊற்றாமல் போக மனமில்லை.

வாசித்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழில் முதல் ஜாஸ் இசைத்தட்டு வந்தது, கறுப்பர்கள் உண்டாக்கிய இசை, வாசித்துப் பேர் வாங்கியவர்கள் வெள்ளைக்காரர்கள் என்றேன். இருபதுகளில் அதே இசை கோட்டுப் போட்டுக்கொண்டு சாஸ்திரிய இசை அரங்குக்குள் போனது, உண்டாக்கியவர்கள் பலருக்கு அந்த வாசல் திறக்கவில்லை என்றேன். முப்பதுகளில் பெரிய ஓட்டல்களில் விடிய விடிய வாசித்த கறுப்புக் கலைஞர்கள் சமையற்கட்டு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும், அதே ஓட்டலில் அவர்களுக்குப் படுக்க அறை கிடையாது என்றேன். சாஸ்திரிய சங்கீதம் பாடுகிற கறுப்புப் பெண் ஒருத்திக்குத் தலைநகரத்தில் ஒரு மண்டபத்தைத் தர மறுத்தார்கள், அவள் வெட்டவெளியில் நின்று பாடினாள் என்றேன். ஐம்பதுகளில் ராக் வந்தபோது பாடியது கறுப்பர், இசைத்தட்டு அட்டையில் படம் வெள்ளைக்காரருக்கு என்பதும் நடந்தது என்றேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு திரைக்குப் பின்னாலிருந்து அந்தந்தக் காலத்துப் பாட்டு வந்தது.

கூட்டம் ச்சொ கொட்டியது. தாளாளர் முன் வரிசையில் உட்கார்ந்து, "என்ன அநியாயம் பாருங்க" என்கிற மாதிரி வெள்ளைக்காரர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். என் பக்கத்தில் கோட்டுப் போட்ட பையன் கன்னத்தை உப்ப வைத்து ஊதுகிற மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தான். பாட்டு நின்ற பிறகும் ஒரு தடவை ஊதினான். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்குத்தான் கை தட்டினார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான். கடல் தாண்டி நடந்த அநியாயத்துக்கு இவர்களுக்குக் கண்ணீர் வரும், ஒரு கஜம் துணிக்குப் பின்னால் நடப்பதற்கு வராது.

கடைசியாக, எல்லாம் தொடங்கிய நியூ ஆர்லியன்ஸ் ஊருக்கே திரும்புகிறோம் என்று அறிவித்தேன். இந்தப் பாட்டு முடிந்ததும் அண்ணன் பேரை மைக்கில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மெதுவான பாட்டு வந்தது. கூட்டம் அதை ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து அடக்கமாக உட்கார்ந்திருந்தது. பிறகு வேகமான பாட்டு, சித்தப்பாவின் அடி.

முதலில் பின் வரிசையில் ஒரு விசில் வந்தது. அடுத்து இன்னொன்று. பையன்கள் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுற்ற ஆரம்பித்தார்கள். சிலமலையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருத்தர் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார், பிணம் கடக்கும்போது நிற்கிற மாதிரி. "ஏத்தா, இது பொணத்துக்கு அடிக்கிற அடியில்ல!" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். போடியில் யாருக்கு அந்த அடி தெரியாது? மெல்ல ஊதிய அழுகை இவர்களுக்குச் சாவாகக் கேட்கவில்லை, வேகமாக ஊதிய சந்தோஷம்தான் சாவாகக் கேட்டது. வெள்ளைக்காரர்கள் இரண்டு பேரும் ஒன்றும் புரியாமல், ஊரே குதூகலமாக இருக்கிறது என்று எழுந்து கை தட்டி ஆடினார்கள்.

திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு எது தெரியும்? விசில் சத்தம் பாராட்டு என்று நினைத்தார்கள். அண்ணன் இன்னும் மேலே போனான். அவன் அப்படி ஊதி நான் கேட்டதே இல்லை.

அழகுராஜா மைக்கின் வயரைப் பிடுங்கிவிட்டுத் திரைக்குப் பின்னால் ஓடினார். டிரம்பெட் பாதியில் அறுந்தது. முன்னால் பையன் மட்டும் ஊதிக்கொண்டே இருந்தான்.

நான் போனபோது டிரம்பெட் அழகுராஜா கையில் இருந்தது. வாயிலிருந்து அப்படியே பிடுங்கியிருக்கிறார். அண்ணனின் கீழ் உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம் ஒழுகியது. பின்னாலேயே தாளாளர் வந்தார்.

"நல்ல நாளும் அதுவுமா எழவு கொட்டிட்டீங்களேடா! ஒங்க புத்தி எங்க போகும்?"

"இத்தன நேரம் உக்காந்து ச்சொ கொட்டுனீங்களே சார், அது யாருக்கு?" என்று கத்தினேன். என் குரல் அங்கே நின்ற ஐந்து பேருக்கு மேல் யாருக்கும் கேட்கவில்லை. திரையை இழுத்துக் கிழித்து ஊருக்கே காட்டுகிறேன் என்று கையை வைத்தேன். அண்ணன் அந்தப் பக்கத்து ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் பாப்பா. ஊரு மொத தடவ என்னைய மேடையில பாக்கும்போது இப்பிடியா பாக்கணும்?"

நான் கையை எடுத்துவிட்டேன். வெளியே மூன்று மாணவர்களும் குனிந்து வணக்கம் சொன்னார்கள், வெள்ளைக்காரர்கள் அவர்களுக்குக் கை கொடுத்தார்கள். மறுநாள் பேப்பரில் அவர்கள் படம் வந்தது. கல்லூரிக்கு இனி வர வேண்டாம் என்று எனக்குப் போன் வந்தது. பேர்? அதை யார் சொன்னார்கள்?

போலீசுக்குப் போகலாம் என்றேன். அண்ணன் கேட்கவில்லை. உதட்டில் மருந்தைத் தடவிக்கொண்டு விடிந்ததும் ஜீப்பேறி ஏலக்காட்டுக்குப் போய்விடுவான். "ஒனக்குச் சூடு சொரண இருக்காண்ணே?" என்று தினமும் கேட்டேன். கேட்காத வார்த்தை இல்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள், என் அண்ணனுக்கு அந்த ஆண்டி தேவலை என்றேன். அவன் சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

உதடு ஆறி அவன் மறுபடி ஊத ஆரம்பித்த பிறகு, ஒரு காலையில் விஜயபாண்டியின் அப்பா இறந்துபோனார். வண்டியில் எங்கள் வாசலுக்கு வந்தவர் அதே அழகுராஜா.

"பால்ராசு, பெரியவரு தவறிட்டாரு. வெரசா செட்டக் கொண்டா."

கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லலாம். சாவுக்குச் சொல்லக் கூடாது. பகையாளி வீடாக இருந்தாலும் போய் ஊதிவிட்டுத்தான் வர வேண்டும், எங்கள் செட்டுக்கு அதுதான் சட்டம். ஊரில் இருக்கிற மற்ற செட்டுகளும் எங்கள் சொந்தம்தான், அண்ணனை மீறி யாரும் போக மாட்டார்கள். அமாவாசை சித்தப்பா அதற்குள் டிரம்மை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார். இவன் போகத்தான் போகிறான் என்று நினைத்தேன். வாசலை மறித்துக்கொண்டு கத்தத் தயாராக நின்றேன்.

அண்ணன் முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு வந்தான். சத்தமில்லாமல்தான் பேசினான்.

"அந்தப் பிள்ளைகளக் கூப்புடுங்க சார்."

"எந்தப் பிள்ளைக?"

"கோட்டுப் போட்டு மேடையில ஊதுனாங்கள்ல, அவங்க. நல்லா ஊதுனாங்கன்னு பேப்பர்லகூட வந்துச்சே."

"வெளையாடாத பால்ராசு. அங்க பொணம் கெடக்கு."

"நான் எங்க சார் ஊதுனேன்? யாராச்சும் பாத்தாங்களா?"

அழகுராஜா என்னைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா மெல்ல டிரம்மைக் கழற்றிக் கீழே வைத்தார். வண்டி திரும்பிப் போனது.

மத்தியானம் பெரிய வீட்டு ஊர்வலம் எங்கள் தெரு முனையைக் கடந்தது. வெடிச் சத்தம் மட்டும்தான். ஆடுவதற்கு வந்த பையன்கள் எதற்கு ஆடுவது என்று தெரியாமல் சும்மா நடந்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. வேண்டும், நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அண்ணனிடம் சொல்ல உள்ளே ஓடினேன்.

அவன் டிரம்பெட்டை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். வெடிச் சத்தம் தூரத்தில் தேய்கிற வரைக்கும் அதைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "செத்தவரு நமக்கு என்ன கெடுதல் பாப்பா செஞ்சாரு?" என்று கேட்டுவிட்டு அழுதான்.