கடைக்குப் போன அம்மா

அந்த வருடம் மட்டும் அந்த வீட்டில் அம்மாவை நான்கு முறை புதைத்தார்கள். முதல் சாவு மாரடைப்பு, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மற்ற மூன்றும் வாத்தியார் மகன் செய்த வேலை.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. காலையில் எழுந்ததும் "உங்கம்மா எங்க?" என்பார். கூட இருந்து பார்த்துக்கொண்ட மகள், தையல்காரி, மெஷினை நிறுத்தாமலே "கடைக்குப் போயிருக்காங்கப்பா" என்பாள். அப்படிச் சொன்ன நாட்களில் சாயங்காலம் அம்மா பையோடு வந்து, செருப்பைக் கழற்றி, விலைவாசியைத் திட்டியபடி அடுப்பைப் பற்றவைப்பாள். அக்கம்பக்கத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வருவான். கணக்கு வாத்தியார். தப்பான விடையைக் கண்டால் கை சும்மா இருக்காது. "பொய் சொல்லி ஏமாத்தாதக்கா. உண்மையச் சொன்னாத்தான் மூளை வேலை செய்யும்" என்பான். பிறகு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, அம்மா செத்துப்போனதைப் பொறுமையாக விளக்குவான். அப்பா அப்போதுதான் கேள்விப்பட்டவராக மாரில் அடித்துக்கொண்டு அழுவார். உள்ளே கட்டிலில் அம்மா செத்துக் கிடப்பாள், கை இன்னும் சூடாக. தம்பி மாலை பஸ்ஸைப் பிடித்துவிடுவான். குளிப்பாட்டுவது, பெட்டிக்குச் சொல்வது, குழி வெட்ட ஆள் தேடுவது எல்லாம் தையல்காரி தலையில். மறுநாள் அப்பா கேட்பார், இவள் கடை என்பாள், அம்மா மண் ஒட்டிய சேலையோடு வருவாள். தையல்காரிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊருக்கு உபதேசம் செய்ய ஒருத்தன், பிணம் தூக்க ஒருத்தியா?

மூன்றாவது அடக்கத்துக்குப் பிறகு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்பா நாள் முழுக்கத் தூங்கினார், எதுவும் கேட்கவில்லை. கேட்க ஆளில்லாததால் அம்மா வீட்டுக்கு வரவுமில்லை, சாகவுமில்லை. பையைப் பிடித்தபடி கேட்டுக்கு வெளியே மழையில் நின்றாள். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. தையல்காரி மாத்திரைகளை டாக்டர் மேஜையிலேயே கொண்டுபோய் வைத்தாள். "நீங்களே போட்டுக்குங்க. அமைதியா இருக்கும்."

நான்காவது முறை, பஸ்ஸுக்குக் கிளம்பிய தம்பியின் பையைப் பிடுங்கிக்கொண்டாள். "நீதான கொன்னே? நீயே தூக்கு." குளிப்பாட்டியதும் அவன்தான், குழி வெட்டியதும் அவன்தான். உள்ளங்கை கொப்புளித்தது. உதவிக்கு வந்தவர்களை அவள் திருப்பி அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு அப்பா கேட்டார். இந்த முறை பதில் சொன்னது தம்பி. "கடைக்குப் போயிருக்காங்கப்பா."

"அப்ப சரி" என்றார் அப்பா.

சாயங்காலம் அம்மா வந்து சமைத்தாள். அப்பாவுக்கும் மகளுக்கும் பரிமாறிவிட்டு, மகனின் தட்டைத் தாண்டிப் போனாள். "மூணு தரம் கொன்னவனுக்கு என் கையால போட மாட்டேன்."

அக்கா சமாதானம் பேசவில்லை. வாத்தியார் எழுந்து தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டான். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் சாப்பிடுகிறான்.