பேனலுக்குப் பின்னால்

ஜாஹிர் டிரில் மிஷினைச் சுவரிலிருந்து இழுத்தபோது அதன் முனையில் தூள் இல்லை, ஈரச் சேறு ஒட்டியிருந்தது. பிரவீனா பார்ப்பதற்குள் அதை வழித்துப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான்.

அவள் பார்க்கவில்லை. கட்டில்மேல் மகளின் புத்தகங்களை உயரவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவற்றுக்கு ஒரு ஷெல்ஃப் மாட்டத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தாள். பிள்ளையார்பாளையத்தில், மாடியின் பின்பாதியில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வாடகை வீடு. கட்டிலை ஒட்டியிருந்த சுவர் முழுக்க, மரம்போலக் கோடு போட்ட பிவிசி பேனல். எட்டு மாதத்துக்கு முன் அதை மாட்டியவனும் ஜாஹிர்தான். அன்று அந்தச் சுவர் நெஞ்சளவுக்கு ஊறிப்போய், தொட்டால் பூச்சு கையோடு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கார அம்மா கமலவேணியின் குளியலறை. குழாய் எங்கோ கசிந்தது.

"மொதல்ல கொழாயைப் பாக்கணும்மா" என்று அவன் சொல்லத்தான் செய்தான்.

"அதுக்குப் பாத்ரூமையே ஒடைக்கணும். நாளைக்குக் குடி வர்றாங்க. நீ அழகா மூடிக் குடுத்துடுப்பா."

மூடிக் கொடுத்தான். கடைசித் திருகாணியை முடுக்கும்போது, குடி வருமுன் வீட்டை ஒருமுறை பார்த்துப்போக வந்த பிரவீனா கேட்டாள், "செவுரு நல்லா இருக்குதா பாய்?" வீட்டுக்கார அம்மா அப்போது பக்கத்தில்கூட இல்லை. பொய் சொல்லும்படி யாரும் அவனிடம் சொல்லவில்லை. "செவுத்துக்கு இன்னாமா, நல்லா இருக்குது" என்றான்.

"தலைமாட்டுலயே வெச்சிடுங்க பாய்" என்றாள் பிரவீனா இப்போது. "வெளையாடவா போறா? படுத்துக்கினே படிக்கட்டும்."

ஏன் என்று கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டான். மகள் ஜெமிமாவுக்கு மழைக்காலத்திலிருந்து வீசிங். தூசு ஆகாது என்றாராம் டாக்டர். பிரவீனா பஞ்சு மெத்தையைத் தூக்கிப் போட்டாள். தினமும் ஃபேனைத் துடைக்கிறாள். குட்டியிலிருந்து வளர்த்த பூனையை வாலாஜாபாத்தில் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தாள்.

"மூணு நாளு சாப்பிடல அவ. பூனை இல்லாமயும் இழுக்குதேம்மா, எடுத்தாந்துடலாமான்னு கேக்கறா. இன்னா சொல்றது நானு? பத்து வீடு ஏறி எறங்கறவரு நீங்க. இன்னும் இன்னா பண்ணலாம், சொல்லுங்க."

ஜாஹிரிடம் யோசனைகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி மாட்டினால் சின்ன அறையும் பெரிதாகத் தெரியும், திரையை உத்தரம்வரை ஏற்றிக் கட்டினால் சுவர் உயர்ந்து தெரியும் என்று கேட்காதவர்களுக்குக்கூடச் சொல்வான். இன்று டிரில் மிஷினை மறுபடி சுவரில் வைத்தான். இன்னும் மூன்று ஓட்டைதான். ஷெல்ஃபை மாட்டிவிட்டு இறங்கிப் போய்விடலாம். குழந்தையின் பூப்போட்ட தலையணை பேனலைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. எட்டு மாதமாக அங்கேதான் அவள் மூச்சு விட்டிருக்கிறாள்.

"கட்டிலை இழுக்கணும்மா" என்றான். "பேனலைக் கழட்டணும். உள்ள செவுரு ஈரம். அன்னிக்கே எனக்குத் தெரியும்."

பிரவீனா கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தாள்.

"நான் கேட்டேனே பாய்."

"கேட்டீங்க."

அவள் திட்டியிருந்தால் அவனுக்கு நின்று வாங்கிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். அவள் கட்டிலைத் தானே ஒற்றையாளாக இழுத்தாள். உதவ வந்தவனின் கையை முழங்கையால் விலக்கினாள். முதல் பேனல் கழன்றதும் புழுங்கிய வாடை அறையை நிறைத்தது. தரையிலிருந்து நெஞ்சுயரம்வரை கறுப்புப் பூஞ்சை, ரோமம்போல அடர்ந்திருந்தது. பிரவீனா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போய்க் கமலவேணியின் கதவைப் பலமாகத் தட்டத் தொடங்கினாள். யாரும் திறக்கவில்லை.

அதற்குள் ஜெமிமா பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். "உள்ள வராதடி, அங்கயே ஒக்காரு" என்று பிரவீனா கத்தினாள். குழந்தை படியிலேயே உட்கார்ந்தது. ஜாஹிர் கழற்றிய பேனல்களைக் கறுத்த பக்கம் தன் சட்டைமேல் படும்படி அணைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினான்.

"இதெல்லாம் எங்க எடுத்துக்கினு போறீங்க அங்கிள்?"

அவன் அடுத்த பேனலை எடுக்க மேலே ஏறினான். அவன் இறங்கும்போதெல்லாம் அவள் பையை மடியோடு இறுக்கி, முழங்கால்களை ஒடுக்கி, அவனுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தாள்.