குலுங்கிய ரத்தம்

நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஆலங்காயத்துக்கு இறங்கும் ஷேர் ஜீப், ஆள் நிறையாமல் கிளம்பாது. மலையில் இது எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருடமாக அந்த மலை ஜனங்களின் ரத்தத்தை ஆராய்ந்து பேர் வாங்கிய சசிகலாவுக்கு மட்டும் தெரியாது. அவள் எப்போதாவது ஆய்வகத்துக் காரில் வந்து, காரிலேயே திரும்புகிறவள்; வாராவாரம் எடுக்கிற ரத்தம் ஜீப்பில் இறங்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை கார் பழுது. அதனால் ரத்தக் குழாய்கள் இருந்த நீலப் பெட்டியோடு அவளும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

காலை எட்டரைக்குக் கிராம நர்ஸ் செல்லி ஆறு பேரிடம் ரத்தம் எடுத்து, குழாய்களில் நேரம் எழுதியிருந்தாள். ஒன்பதுக்குப் பெட்டி வண்டியில் ஏறிவிட்டது. மணி பதினொன்றாகியும் வண்டி நகரவில்லை.

“எப்பங்க எடுப்பீங்க?” என்று டிரைவர் மணிவேலிடம் கேட்டாள்.

“இன்னும் மூணு ஆளு வரணும் மேடம். புளி மூட்டை வேற கீது.”

“இதுல ரத்தம் இருக்குதுங்க.”

“தெரியும் மேடம். வாராவாரம் நான்தான எடுத்துனு போறேன்? ஒரு பாட்டிலு கூட ஒடஞ்சது இல்ல.”

பெருமையாகத்தான் சொன்னான். பெட்டியை அவன் வைத்திருந்த இடம் இஞ்சின் மூடியின் மேல். சசிகலா கை வைத்துப் பார்த்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். சுட்டது.

“கீழ வெச்சா ஜனங்க மிதிச்சிடுவாங்க, அதான்” என்றான் மணிவேல்.

பதினாறு பேரும் நான்கு மூட்டையுமாக வண்டி இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் பெட்டி எகிறி எகிறி விழுந்தது. பக்கத்தில் இருந்த பெண் ஜன்னலுக்கு எட்டாமல் வாந்தியெடுத்தாள். பாதி சசிகலாவின் செருப்பில். புளி வாடை, டீசல் வாடை, வாந்தி வாடை. அத்தனைக்கும் நடுவில், ரத்தம் எடுத்து எத்தனை மணி நேரமாயிற்று என்று அவள் மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கினாள்.

அவள் ஆராய்ந்தது டென்ட்ரைட்டிக் செல்களை. உடம்புக்குள் கிருமி நுழைந்தால் கிளை கிளையாய்க் கை நீட்டி, அதில் ஒரு துண்டைப் பிய்த்தெடுத்துப் போய் மற்ற செல்களுக்குக் காட்டி எழுப்பிவிடுகிற காவல் செல்கள் அவை. ரொம்பத் தொட்டாற்சிணுங்கியும் கூட. ரத்தம் எடுத்து நான்கு மணி நேரத்துக்குள் பிரித்தெடுக்காவிட்டால், சூடு பட்டால், குலுங்கினால், எந்தக் கிருமியும் இல்லாமலே விழித்துக்கொள்ளும். முதல் வருட மாணவர்களுக்கு அவளே நடத்துகிற பாடம் இது.

அவள் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னது என்ன? மலை ஜனங்களின் காவல் செல்கள் பிறவியிலேயே விழித்த நிலையில் இருக்கின்றன. கீழே டவுனில் இருப்பவர்களின் செல்கள் அப்படி இல்லை. டவுன்காரர்களின் ரத்தம் ஆய்வகத்துக்கு அடுத்த அறையில் எடுக்கப்பட்டு, ஒரு மணி நேரத்தில் பிரிக்கப்பட்டது.

ஆலங்காயத்தில் பஸ் மாறி, பெட்டி ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கரை. எட்டு மணி நேரம். அவளுடைய கட்டுரைகள் ஒவ்வொன்றிலும் ‘நான்கு மணி நேரத்துக்குள்’ என்று இருந்தது. யாரும் அவளை ஏமாற்றவில்லை. திட்டம் போட்ட அன்று அப்படி நினைத்தாள், அப்படியே எழுதினாள், அதோடு சரி.

மறுநாள் பழைய படிவங்களை இறக்கினாள். செல்லியின் உருண்டைக் கையெழுத்தில், கடைசிக் கட்டத்தில், வாராவாரம் எழுதியிருந்தது: ‘ஜீப் லேட். 11.40க்கு எடுத்தார்.’ ‘மழை. மரம் விழுந்து லேட்.’ ‘வெயிலில் இருந்தது, பார்த்துக்கொள்ளவும்.’ கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்துக்கு இடமே இல்லை. ஒருவரும் தட்டச்சு செய்யவில்லை. பார்த்துக்கொள்ளவும் என்று எழுதிய படிவத்தின் மேலேயே யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம் இருந்தது. வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தது சசிகலாவின் சுருக்கொப்பம்.

அடுத்த செவ்வாய் மலைக்குப் போய்ச் செல்லியிடம் தன் கையை நீட்டினாள். அவளுடைய ரத்தமும் அதே பெட்டியில், அதே இஞ்சின் மேல், அதே நேரத்துக்கு இறங்கியது. புதன்கிழமை ஆய்வகத்திலேயே இன்னொரு குழாய் எடுத்து உடனே பிரித்தாள். மூன்று வாரம் இப்படிச் செய்தாள். மூன்று வாரமும் ஆய்வகத்தில் எடுத்த ரத்தம் தூங்கியது, ஜீப்பில் வந்த ரத்தம் விழித்திருந்தது. இரண்டும் ஆலங்காயத்தில் பிறந்து வளர்ந்த ஒரே சசிகலாவின் ரத்தம்.

திட்டத் தலைவர் விஜயராஜ் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

“ஒரு ஆளை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது சசிகலா.”

“சார், திங்கக்கிழமை தடுப்பூசிக் குழு கூடுது. மலைக்காரங்க செல் ஏற்கெனவே விழிச்சிருக்கு, அரை டோஸ் போதும்னு முடிவு பண்ணப் போறாங்க. நம்ம கட்டுரையை வெச்சுதான்.”

“அரை டோஸ்தானே? விஷமா குடுக்கிறோம்?”

“அது வேலை செய்யலைன்னா?”

“அங்க யாரு கணக்கெடுக்கப் போறா?” என்று சிரித்தார். “அடுத்த கட்டுரையில ஒரு வரி போட்டுக்கலாம். போக்குவரத்துத் தாமதம் ஓரளவு பாதித்திருக்கலாம்னு. உங்களுக்கு இந்த வருஷம் பேராசிரியர் பதவி வருது, ஞாபகம் இருக்குல்ல?”

அவர் பிஸ்கட்டைக் காபியில் முக்கிச் சாப்பிட்டார். ஊறிய நுனி உடைந்து கப்புக்குள் விழ, விரலை விட்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிற காட்சி. அன்றைக்குச் சசிகலாவால் உட்கார முடியவில்லை. வெளியே போய் முகம் கழுவினாள். கண்ணாடியில் தெரிந்த முகமும் பார்க்கச் சகிக்கவில்லை. அந்த ஒரு வரியை அவளும் ஒரு கணம் மனதுக்குள் எழுதிப் பார்த்திருந்தாள், நன்றாகவே வந்திருந்தது.

அன்று மாலையே இரண்டு கடிதம் எழுதினாள், ஒன்று பத்திரிகைக்கு, ஒன்று குழுவுக்கு. முதல் பத்தியில் தேதி, நேரம், தூரம். இரண்டாவதில் ஜீப். மூன்றாவதில், தவறு என்னுடையது, கட்டுரைகளைத் திரும்பப் பெறுகிறேன். குழு அரை டோஸைக் கைவிட்டது. விஜயராஜ் அவளுடைய போனை எடுப்பதை நிறுத்தினார். பேராசிரியர் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

மலைக்குச் சொல்ல வேண்டியது மிச்சமிருந்தது. துணை சுகாதார நிலையத்தில் செல்லி ஊசி மருந்து அடுக்கிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் டப்பாவைப் படக்கென்று மூடினாள்.

“நான் எழுதினனே மேடம். வாராவாரம் எழுதினன். படிக்கவே இல்லியா?”

“இல்ல செல்லி.”

“அப்புறம் இன்னாத்துக்கு மேடம் அந்தக் கட்டம் போட்டு அச்சடிச்சீங்க?”

வாசலில் கோவிந்தன் நின்றிருந்தார், சாமை விதைக்கிற விவசாயி. இந்த ஆய்வுக்கு ஒன்பது தடவை ரத்தம் கொடுத்தவர்.

“அப்ப எங்க ரத்தத்துல விசேசம் ஒண்ணும் இல்லீங்களா?”

“இல்லீங்க. எங்க ரத்தம் மாதிரிதான்.”

“அதைச் சொல்றதுக்கா பன்னெண்டு வருசம் உறிஞ்சிகினு போனீங்க?”

வெற்றிலைச் சாற்றை வாசலோரம் துப்பினார். சசிகலாவின் புடவையில் இரண்டு துளி தெறித்தது. அவர் அதைப் பார்த்தார்; மன்னிப்புக் கேட்கவில்லை.

“இனிமே ரத்தம் எடுக்க வருவீங்களா?”

“நீங்க குடுத்தா, இங்கயே மிஷின் வெச்சுப் பிரிக்கலாம்னு…”

“குடுக்க மாட்டோம்” என்றாள் செல்லி உள்ளேயிருந்து.

கோவிந்தன் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு இறங்கி நடந்தார்.