பழகிடுச்சு

அட்டைப்பெட்டி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் கேட் அக்கா. ஒன்பது வருஷம் உள்ளே வெட்டும் இயந்திரத்தில் நின்றவள். வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அந்த இயந்திரத்தில் போன பிறகு, நிர்வாகம் அவளை வெளி கேட்டுக்கு மாற்றியது. கிளம்பும் ஒவ்வொரு லாரியிலும் சரக்கு, சீல், நம்பர் பலகை என மூன்று படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். இடது கையில் சரக்குச் சீட்டு இருக்கும். வலது கையில் மிஞ்சிய இரண்டு சின்ன விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் போனைச் செருகிக்கொள்வாள். மற்றதையெல்லாம் கட்டைவிரல் பார்த்துக்கொள்ளும். திரையின் கீழ் மூலையைத் தொட்டால் கேமரா, மறு மூலையைத் தொட்டால் திரும்பி வந்துவிடலாம். பார்க்காமலே செய்வாள்.

அந்தப் போனின் மென்பொருளைத் தயாரிக்கும் கம்பெனியில்தான் தங்கச்சிக்கு வேலை. எதையாவது மாற்றுவதற்கு முன்னால் நாலு பேரிடம் கொடுத்துப் பார்த்து, அவர்கள் சொல்வதை எழுதி மேலே அனுப்பும் பிரிவு. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனைப் போனோடு அக்கா வீட்டுக்கு வந்தாள்.

"உன்னை மாதிரி கை இருக்கிறவங்க எப்படிப் பிடிக்கிறாங்கன்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியவே தெரியாதுக்கா. நீ பேசு, நான் படம் எடுத்துக்கறேன். முகம் வராது."

அக்கா ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தாள். புது அமைப்பில் மேலே இருந்த கேமராவைக் கட்டைவிரல் எட்டவில்லை என்றாள். இரண்டு விரலால் கிள்ளினால்தான் திரும்பி வரலாம் என்பதைச் செய்து பார்த்து, போனை இரண்டு தடவை நழுவ விட்டாள். "கிள்ளறதுக்கு விரலுக்கு நான் எங்கடி போவேன்?" என்று சிரித்தாள். கடைசியில் பேச்சு விபத்தின் பக்கம் திரும்பியது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. தங்கச்சி என்பதால் பேசினாள்.

"முதல்ல ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ராத்திரியெல்லாம் அழுவேன். அப்புறம் பழகிடுச்சு."

"நீ சொன்னதெல்லாம் மேல போகும்க்கா. பழைய மாதிரியே வெச்சுக்கற வசதியும் இருக்கும். நான் பாத்துக்கறேன்."

அப்டேட் வந்தபோது அக்கா பத்து நாள் தள்ளிப்போட்டாள். "தைரியமா போடு" என்று தங்கச்சி மெசேஜ் அனுப்பிய பிறகுதான் போட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் லாரி வந்து நின்றது. திரையின் கீழ் மூலையில் ஒன்றுமே இல்லை. கேமரா உச்சிக்குப் போயிருந்தது. சீட்டை வாயில் கவ்விக்கொண்டு இடது கையால் ஒரு படம் எடுத்தாள். திரும்பி வரக் கிள்ள வேண்டியிருந்தது. கட்டைவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து முயன்றதில் போன் சிமென்ட் தரையில் குப்புற விழுந்தது. பின்னால் நான்கு லாரிகள் ஹாரன் அடித்தன. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டும் மீசைக்காரர் இறங்கி வந்து எடுத்துக் கொடுத்தார்.

"என் போனும் இந்த லட்சணம்தான்க்கா. காலையில அலாரத்தை நிறுத்தப் போய் மாமியாருக்குக் கால் போட்டுட்டேன். எந்திரிச்சதிலேர்ந்து வீட்ல பஞ்சாயத்து."

பழைய மாதிரி வைத்துக்கொள்ளும் வசதியை அக்கா செட்டிங்ஸ் முழுக்கத் தேடினாள். எங்கேயும் இல்லை. தங்கச்சியை அழைத்தாள். 'மீட்டிங்கில் இருக்கிறேன்' என்று பதில் வந்தது.

மதிய இடைவேளையில் மீசைக்காரர் கம்பெனியின் புகார்ப் பக்கத்தைத் திறந்து காட்டினார். ஆயிரக்கணக்கானவர்கள் திட்டியிருந்தார்கள். 'என் வீட்டுக்குள்ள வந்து சாமானையெல்லாம் மாத்தி வெக்க நீங்க யாருய்யா?' என்று ஒருவர். 'அவசரத்துக்கு டாக்டரைக் கூப்பிட முடியல' என்று ஒரு கர்ப்பிணி. எல்லாவற்றுக்கும் மேலே கம்பெனியின் பதில், ஒரு சின்ன வீடியோவாக இருந்தது. அவர் அதைத் தொட்டார்.

பூப்போட்ட மேஜை விரிப்பின்மேல் மூன்று விரல் கை ஒன்று போனைப் பிடித்திருந்தது. "முதல்ல ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு" என்றது குரல். நடுவில் ராத்திரியெல்லாம் அழுததைப் பற்றிச் சொன்னதை எடுத்துவிட்டிருந்தார்கள்.

அதன் கீழே யாரோ எழுதியிருந்தார்: 'இந்தம்மாவே பழகிட்டாங்க. பத்து விரலை வெச்சுக்கிட்டு ஒப்பாரி வெக்கறீங்களே, வெக்கமா இல்ல?' அதற்கு நிறையப் பேர் கைதட்டியிருந்தார்கள்.

மீசைக்காரர் திரையைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார், போனைச் சட்டென்று அணைத்துவிட்டார்.

சாயங்காலம் அக்கா நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நான் கட் பண்ணலக்கா. விளம்பரப் பிரிவுல பண்ணினாங்க."

"நீ எப்பப் பார்த்த?"

"போன வாரம். வெளியிடறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டினாங்க."

"அதுக்கப்புறம்தானே என்னைத் தைரியமா போடச் சொன்ன?"

"வேணாம்னு சொல்லியிருந்தா என்னை அந்த டீம்லேர்ந்தே தூக்கியிருப்பாங்கக்கா. முகம் தெரியலையே, யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

"எனக்குத் தெரியுமேடி."

தங்கச்சி அழத் தொடங்கினாள். அக்காவுக்கு அழுகை வரவில்லை.

"விரல் போனப்ப அந்த மெஷின்மேல எனக்குக் கோபமே வரல. அதுக்கு நான் யாருன்னு தெரியாது. உனக்குத் தெரியும்."

மறுநாள் இடைவேளையில் மீசைக்காரரைப் படம் எடுக்கச் சொன்னாள். "முகமும் வரட்டும்" என்றாள். கிள்ள முயன்றாள். போன் விழுந்தது. எடுத்து மறுபடி முயன்றாள், மறுபடி விழுந்தது. "அந்த வீடியோல இருக்கறது என் கை. பழகிடுச்சுன்னு நான் சொன்னது விரல் இல்லாததைப் பத்தி. உங்க போனைப் பத்தி இல்ல." அவ்வளவுதான் பேசினாள். அதைக் கம்பெனி வீடியோவுக்குக் கீழேயே போட்டாள்.

இரண்டு நாளில் கம்பெனி தன் வீடியோவை எடுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து இன்னொரு சின்ன அப்டேட் வந்தது. பயனாளர்களின் விருப்பத்துக்கு இணங்க, பழைய பொத்தான்களைக் கீழேயே வைத்துக்கொள்ளலாம் என்றது. அன்றைக்கே தங்கச்சி அழைத்தாள்.

"பார்த்தியாக்கா, வந்துடுச்சு! உள்ள நான் எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா?"

உண்மையாக இருக்கலாம். முன்பென்றால் அது உண்மையா என்று அக்கா யோசித்தே இருக்க மாட்டாள்.

"சந்தோஷம்" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

"வா. சாப்பிட்டுட்டுப் போ."

தங்கச்சி வந்தாள். சாப்பிட்டு முடித்து, மதியம் முழுக்க இருவரும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும், ஏறிப்போன வீட்டு வாடகையைப் பற்றியும் பேசினார்கள். ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தார்கள். அவ்வளவு நேரமும் அக்கா தன் வலது கையை மேஜைக்கு அடியிலேயே வைத்திருந்தாள்.