இறப்புச் செய்திக்கு நான்கு வரி

மார்ச் ஒன்பதாம் தேதி காலை, அரசு மருத்துவமனையின் பெண்கள் பிரிவில் அக்கா இறந்தாள். வயது நாற்பத்தாறு. மார்பகப் புற்றுநோய்.

மதியம் உடல் கூடத்தில் கிடந்தது. தம்பி வாசலில் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவனுடைய நாளிதழிலிருந்து இளம் நிருபர் ஒருத்தி வந்தாள். புற்றுநோய்ச் செய்திகள் எழுத அவன் நடத்தும் பயிற்சிக்குப் போன மாதம் வந்திருந்தவள்.

"சார், நாலு வரி கேட்டிருக்காங்க. காரணம்... நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே போட்டுடவா?"

முதல் பாடமே அதுதான். நோயின் பெயரை எழுதுங்கள். மறைத்து எழுதினால், கட்டியை மறைத்துக்கொண்டிருப்பவளும் மறைத்துக்கொண்டேதான் இருப்பாள். அந்த வகுப்புக்கு அக்காவே வந்திருந்தாள், முடி கொட்டிய தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு.

"எங்க வீட்ல பால் பொங்கி வழிஞ்சாலே தெருவுக்குத் தெரியும். இத மட்டும் எட்டு மாசம் வாயே தெறக்கல. வலிக்கல, விட்டுட்டேன்."

நிருபர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று விழித்தார்கள். அவள் தம்பியைக் காட்டினாள். "நான் போனா இவன் நோய்ப் பேரப் போடணும். உடல்நலக் குறைவுன்னு போட்டான், எந்திரிச்சு வந்து உதைப்பேன்."

நிருபர் கேட்டது அத்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, பொண்ணுக்கு எடம் பேசி முடிச்சிருக்கு. அவங்களும் உங்க பேப்பர்தான் வாங்குறாங்க. வம்சத்துல ஓடுதுன்னு விலகிடுவாங்கப்பா."

"அக்கா கேட்டுச்சு அத்தான்."

"அவ போயிட்டா. இவ இருக்கா."

இவள் நிலைப்படியில் நின்றிருந்தாள். கடைசி வரை அம்மாவின் புண்ணுக்குக் கட்டு மாற்றியவள். அம்மா பக்கம் பேசுவாள் என்று அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"வேணாம் மாமா," என்றாள்.

கையிலிருந்த நாற்காலியை அவன் மெதுவாகப் பிரித்துப் போட்டான்.

"உடல்நலக் குறைவுன்னு போட்டுக்கம்மா."

"சரி சார்." அவனைப் பார்க்காமலே அவள் எழுதிக்கொண்டாள்.

கூடத்தில் அக்கா அசையாமல் கிடந்தாள்.

மறுநாள் எட்டாம் பக்கத்தில் நான்கு வரி வந்தது. வாரக் கடைசியில் மாப்பிள்ளை வீட்டார் வந்து துக்கம் விசாரித்தார்கள். "பேப்பர்ல பாத்தோம். என்ன பண்றது, உடம்புன்னா அப்படித்தான்," என்றார் அந்த வீட்டு அம்மாள். டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த மாதப் பயிற்சியை அவன் இரண்டாம் பாடத்திலிருந்து தொடங்கினான்.