ஆள் உண்டு

...பாத்துக்க நான் கீறேன் என்று ஏன் சொன்னேன், நாக்கு ஏன் அவ்வளவு அவசரப்பட்டது, கணக்கெடுக்க வந்த டீச்சர் கேட்டது ஒரே கேள்விதான், அம்மா வேலைக்குப் போன பிறகு குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று, யாரிடமும் வாய் திறக்காத நான் அதற்கு மட்டும் முந்திக்கொண்டு சொன்னேன், ஆள் உண்டு என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அக்காவிடம் அவர் விவரம் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது, முத்தாபுதுப்பேட்டைக்கு ஒரே ஒரு குழந்தைகள் காப்பகம்தானாம், பார்க்க ஆளில்லாத பிள்ளைகள் எந்தத் தெருவில் அதிகமோ அங்கேதான் வருமாம்... வந்தால் தங்கச்சி ஜெசிந்தாவை அங்கே விட்டுவிட்டு நான் ஒன்பதாம் வகுப்பில் போய் உட்காரலாம், அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத் தைக்கப் போன நாளிலிருந்து இவள் என் இடுப்பில்தான், இந்த ஜூனை விட்டால் சேர்த்துக்கொள்ள முடியாது என்று பள்ளிக்கூடத்து சிஸ்டர் சொல்லிவிட்டார், ஜூனுக்கு இன்னும் பதினெட்டு நாள்.

எதிர் வீட்டில் எல்லம்மா நிற்கிறாள், பதினோரு வயது, இரண்டு தம்பிகள், அவளும் நான்தான் பாத்துக்கிறேன் என்கிறாள், டிக், மூலை வீட்டுக் கன்னியம்மாளும் அதையே சொல்கிறாள், டிக்... எங்கள் தெருவில் ஆளில்லாத பிள்ளை ஒன்றுகூட இல்லை, பள்ளிக்கூடம் போகிற பெண்ணும் இல்லை, இரண்டாவதை எழுத அந்தத் தாளில் கட்டமே இல்லையா, ஓடிப் போய்ச் சொன்னால் என்ன, அம்மாவுக்குத் தெரிந்தால், மாதாவே, அவர் தெருமுனைக்கே போய்விட்டார், என் கால் எப்போது நடக்க ஆரம்பித்தது... இன்னாடி ஞானகுமாரி, டீச்சர் பின்னாலயே ஓடிக்கினு கீற, உன்னையும் காப்பகத்துல சேத்துக்குவாங்களா என்று பூங்காவனம் அக்கா சிரிப்பது முதுகில் விழுகிறது, திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவேன், பார்க்கவில்லை.

"டீச்சர்... எங்க ஊட்ல பாப்பாவ பாத்துக்க யாரும் இல்ல."

அவர் குடையைச் சாய்த்து என்னைப் பார்த்தார், ஜெசிந்தாவைப் பார்த்தார். கோபமில்லை, வெயிலில் களைத்த குரல்தான்.

"அப்ப நீ யாரும்மா?"

பேனா தாளுக்கு மேலே நிற்கிறது, பதில் வந்தால் எழுதத் தயாராகத்தான் நிற்கிறது, இவளை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னதுதான் தப்போ, இறக்கிவிட்டு வந்து சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரோ... ஆனால் எங்கே இறக்கிவிடுவது?