பதிலுக்கு விட்ட இடைவெளி

மழலையர் பள்ளியில் பெரியவர்கள் உட்காரத் தோதான நாற்காலி ஒன்றுகூட இல்லை. குட்டி மஞ்சள் நாற்காலி ஒன்றில், முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட, அவள் குறுகி உட்கார்ந்திருந்தாள். எதிரே அதே மாதிரி ஒரு பச்சை நாற்காலியில் டீச்சர். வருஷக்கணக்கான பழக்கத்தில் டீச்சருக்கு அந்த உயரம் உடம்போடு ஒட்டிவிட்டிருந்தது. அவர் பேச ஆரம்பிக்காமல் மேசைமேல் கிடந்த கிரேயான் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து, பிள்ளை யாரையாவது கடித்து வைத்துவிட்டாளோ என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். கடித்திருந்தால் என்ன சமாதானம் சொல்வது என்றும் மனசுக்குள் தயார் பண்ணிக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் டீச்சர். "உங்க பொண்ணு வீட்டுல பேசுவாளா?"

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பேசுவாளாவா? அப்பா வைத்திருக்கும் பட்டப்பெயரே வாயாடி. சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தால் தூக்கம் வந்து கண் சொருகும் வரைக்கும் விடமாட்டாள். பல்லிக்கு ஜலதோஷம் பிடிக்குமா, அப்பா ரிப்பேர் செய்யும் ஃபிரிட்ஜுக்குள் கதவை மூடிய பிறகு லைட்டை அணைப்பது யார், நேற்று என்பது இப்போது எங்கே இருக்கிறது என்று அவனைக் குடைந்து எடுத்துவிடுவாள். பதில் தெரியாவிட்டால் அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவான்.

"அவ வாய மூடினாத்தான் அதிசயம், டீச்சர்."

டீச்சர் சிரிக்கவில்லை. "சேர்ந்த நாள்லேர்ந்து இங்க ஒரு வார்த்தை பேசலங்க. பாத்ரூம் போகணும்னா என் கையப் பிடிச்சு இழுப்பா. பழகட்டும், பழகட்டும்னு பாத்தேன். போன வாரம் கதவிடுக்குல விரல் நசுங்கிடுச்சு. அழுதா. ஆனா சத்தம் வரல. வாய இறுக்கி மூடிக்கிட்டு, கண்ணுலேர்ந்து தண்ணி மட்டும் கொட்டுது. எத்தனையோ பிள்ளைங்களப் பாத்துட்டேன், இப்படி ஒரு அழுகைய நான் பாத்ததில்ல."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கறுத்துப்போயிருந்த அந்த நகத்தை அவளும் பார்த்திருந்தாள். கேட்டதற்கு, "கதவு கடிச்சிடுச்சு," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஓடிவிட்டாள் மகள். சின்ன அடிதான் போல என்று இவளும் விட்டுவிட்டாள். இப்போது அறையின் அந்தக் கோடியில் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து மகள் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் தூக்கி, அடியிலிருக்கும் கட்டைமேல் 'டக்' என்ற சத்தம்கூட எழாமல் வைத்தாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், எங்க பொண்ணு விளையாடறதே தெரியாது, அவ்வளவு சாது என்று சொல்லிச் சொல்லி இவள் பெருமைப்பட்ட அதே விளையாட்டு.

"எதுக்கும் காது டாக்டர்கிட்ட ஒரு தடவ காமிச்சிடுங்க," என்று டீச்சர் தன் போனை எடுத்தார். "அதுவரைக்கும் இதப் பாருங்க. பெத்தவங்களுக்குன்னே இருக்கிற இணையதளம். பிள்ளைங்ககிட்ட எப்படிப் பேச்சுக் கொடுக்கறது, என்ன கேக்கறது, என்ன விளையாடறதுன்னு எல்லாம் வயசு வாரியா இருக்கு. இந்தம்மா சொல்ற விதம் இருக்கே, நாள் பூரா கேக்கலாம். நமக்கு இப்படி ஒரு அம்மா வாய்ச்சிருக்கக் கூடாதான்னு எனக்கே தோணும்."

போன் பேசியது. 'குழந்தை உங்களிடம் பேச வரும்போது, கையில் இருக்கும் வேலையைச் சற்று ஓரமாக வையுங்கள். அதன் கண்ணுக்கு நேராகக் குனியுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.'

அது அவளுடைய குரல்.

டீச்சருக்குத் தெரியவில்லை, தெரிய வழியும் இல்லை. போனில் இருந்தது ஒரு பிடி தாழ்ந்த, வெதுவெதுப்பான, புன்னகையோடு வருகிற குரல். புன்னகை காதில் விழும், அதனால் சிரித்த முகமாகவே பேசுங்க மேடம் என்று ஒலிப்பதிவுக்காரர் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார். நேரில் அவளுக்கு இருப்பது சந்தைக்கடைக் குரல். நான்தான் அது என்று சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தவள் மகளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுபோனாள்.

மகளின் கையில் ஒரு கட்டை பாதி தூரத்தில் நின்றிருந்தது. உதடுகள் உள்ளே மடிந்திருந்தன. மெல்ல, மிக மெல்ல, அந்தக் கட்டையைக் கீழே வைக்காமல் தன் மடியில் இறக்கினாள். தரையில் வைத்தால் சத்தம் வரும், மடியில் வராது. பிறகு இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் உட்கார்ந்தாள். அப்படி உட்காரக் கற்றுக்கொடுத்தவளே இவள்தான்.

"பாத்தீங்களா, இப்படித்தான்," என்று டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "இதே தளத்துல பிள்ளைங்களுக்குன்னு ஒரு பகுதி இருக்கு. காலையில வந்ததும் ஸ்பீக்கர்ல போட்டு விட்டுடுவோம். மத்தியானம் வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். எல்லாம் போட்டி போட்டுக்கிட்டுப் பதில் சொல்லும். இவ மட்டும் சிலை மாதிரி."

சிலை. வீட்டில் அந்த விளையாட்டுக்கு அதுதான் பெயர்.

பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறிவிப்பாளராக இருந்தாள். எந்த டாக்டர் எந்த அறைக்கு உடனே வர வேண்டும் என்று நாள் முழுக்க மைக்கில் கூப்பிடுகிற வேலை. பிறந்த பிறகு வீட்டிலிருந்தே செய்யத் தோதாக இந்தத் தளத்தின் வேலை வந்தபோது, லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. படுக்கையறை ஜன்னல்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, ஃபேனை அணைத்து, ஃபிரிட்ஜின் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க மைக் முன்னால் உட்காருவாள். உட்காரும்முன் அறை வாசல்படியில் இருக்கும் குழந்தையிடம் விரலை உதட்டில் வைத்துக் காட்டுவாள். அம்மா சிரிச்சுப் பேச ஆரம்பிச்சா நீ சிலை. நடுவில் ஒரு தும்மல், ஒரு கரண்டி விழுந்த சத்தம் என்றாலும் முதலிலிருந்து பேச வேண்டும். அதிலும் குழந்தைகள் பகுதியில் கேள்விக்குப் பிறகு விடுகிற இடைவெளி இருக்கிறதே, அதில்தான் ஒலிப்பதிவுக்காரர் உயிரை எடுப்பார். 'மேடம், கேப்புல ஏதோ மூச்சு கேக்குது. பிள்ளைங்க பதில் சொல்ற இடம் அது. சுத்தமா இருக்கணும்.' 'இந்தப் பூ என்ன நிறம், சொல்லுங்க பார்க்கலாம்' என்று கொஞ்சிக் கேட்டுவிட்டு, ஊரார் பிள்ளைகள் பதில் சொல்வதற்காக அவள் மௌனமாகக் காத்திருப்பாள். வாசல்படியில் அவள் பெற்ற பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒருமுறை கூடத்துக் கட்டிலிலிருந்து விழுந்து உதடு கிழிந்தபோதுகூடப் பதிவு முடியும் வரைக்கும் அது வாயே திறக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பியவள் ரத்தத்தைப் பார்த்துப் பதறி வாரியெடுத்தாள். பதற்றம் அடங்கியதும் அவள் சொன்ன வார்த்தைகள் இப்போது, இந்த மஞ்சள் நாற்காலியில், காதில் அறைந்தாற்போல ஞாபகம் வந்தன. 'சத்தமே போடலயே! என் தங்கமில்ல நீ!' சொல்லிவிட்டு முத்தமும் கொடுத்தாள்.

அது தன் குரல் என்பதை அவள் டீச்சரிடம் சொல்லவில்லை. காது டாக்டரிடம் காட்டுவதாகச் சொல்லிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பள்ளி வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்ததும் மகள் பேச ஆரம்பித்தாள், மூடி வைத்திருந்த குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. ஒன்றும் இவள் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் கணவனிடம் சொன்னபோது அவன் முதலில் நம்பவில்லை. "நம்ம வாயாடியா? வேற பிள்ளையச் சொல்லியிருப்பாங்க," என்றான். பிறகு ஸ்பீக்கர் விஷயத்தைச் சொன்னதும் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டு கையிலேயே நின்றது.

"அப்ப இந்த வேலைய விட்டுடறியா?"

"நான் விட்டா மட்டும்? பேசினதெல்லாம் அங்கேயேதான இருக்கு? யார் யார் வீட்டுல ஓடுதோ. நாளைக்கு டாக்டர்கிட்ட போனா அங்கயும் இதத்தான் போட்டுக் காட்டுவாங்க."

இந்த முறை அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போகவில்லை. மகளைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்தான். இவள்தான் கேட்டாள். தளத்தில் சொன்னபடி கண்ணுக்கு நேராகக் குனிந்துதான் கேட்டாள். குனியும்போதே தன்மீது வெறுப்பாக வந்தது.

"ஏன் கண்ணு, ஸ்கூல்ல யாரோடயும் பேச மாட்டியாமே?"

"நீ பேசிக்கிட்டிருப்பேல்ல," என்றாள் மகள், இது என்ன கேள்வி என்பது போல. "மேல பெட்டிக்குள்ளேர்ந்து."

"அது அம்மா இல்லடா. அது ரெக்கார்டு பண்ணது."

"தெரியும். ரெக்கார்டு பண்றே. அதனாலதான் நான் பேசல."

கணவன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். மகள் யாரும் கேட்காமலே தொடர்ந்தாள். "அந்தப் பசங்கல்லாம் ரொம்பக் கெட்ட பசங்கம்மா. நீ சும்மா இருப்பேல்ல, அப்பப் பாத்துக் கத்துவாங்க. சிவப்பு சிவப்புன்னு. அப்பறம் நீ மொதல்லேர்ந்து பேசணும். உனக்குத் தொண்டை வலிக்கும்ல. பாவம்ல நீ."

இவள் எழுந்து சமையலறைக்குப் போய், திறந்த அலமாரியின் முன்னால் எதையோ தேடுகிறவள் போல நின்றாள். அழுகை வரவில்லை. அழுகையெல்லாம் இதற்குக் காணாது. பயத்தில் பேசாமல் இருந்தால்கூடப் பயத்தைப் போக்கிவிடலாம். கூச்சம் என்றால் நாலு நாளில் தெளிந்துவிடும். இந்தப் பிள்ளை அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. காலை முழுக்க, நகம் நசுங்கினாலும், ஒற்றை ஆளாக. அதை எந்த வாயால் தப்பு என்று சொல்வது?

சொல்லிப் புரியவைக்க முடியாது. கண்ணால் காட்டினால்தான் உண்டு என்று தோன்றியது. பெட்டிக்குள் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மா எதிரே நின்று வேறு பேச்சுப் பேச வேண்டும். அம்மா இங்கே, குரல் அங்கே, எதுவும் கெட்டுப்போகவில்லை, யாரும் முதலிலிருந்து பேசவில்லை. வீட்டில் போனில் போட்டுக் காட்டலாம்தான். ஆனால் கட்டையை மடியில் இறக்கிய அந்த முகத்தை வீட்டுக்குள்ளும் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. எங்கே பேச்சு நின்றதோ அங்கேயே, அந்தப் பெட்டிக்குக் கீழேயே காட்டிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை, கொஞ்ச நேரம் வகுப்பில் இருந்து பார்க்கிறேன் என்று டீச்சரிடம் கேட்டாள். "தாராளமா இருங்க," என்றார் அவர். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மகள் நடுவில், முதுகை நிமிர்த்திக்கொண்டு, அம்மா வந்திருக்கிற பூரிப்பில் கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தாள். டீச்சர் சுவிட்சைத் தட்டினார். கதவுக்கு மேலிருந்த கறுப்புப் பெட்டி லேசாக இரைந்தது.

'வணக்கம் செல்லங்களா! எல்லாரும் வந்தாச்சா?'

வந்தாச்சு என்று அறையே அதிர்ந்தது. மகளின் முகத்தில் இருந்த பூரிப்பு அந்தக் கணமே அணைந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள், கதவருகே நின்ற அம்மாவைப் பார்த்தாள், மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள். உதடுகள் உள்ளே மடிந்தன.

'என் கையில் ஒரு பந்து இருக்கு. அது வானத்தோட நிறம். என்ன நிறம், சொல்லுங்க பார்க்கலாம்?'

"நீலம்! நீலம்!" என்று கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சலுக்கு மேலாக, தன் சந்தைக்கடைக் குரலில், அவளும் சத்தமாகக் கூப்பிட்டாள். "கண்ணு! இங்க பாரு! அம்மா இங்கதான நிக்கிறேன்! அது பாட்டுக்கு அது ஓடுது, நீ பேசு. என்ன வேணா பேசு..."

மகள் எழுந்தாள். பாயில் இருந்த பிள்ளைகளை மிதித்துக்கொண்டு, ஒருவன் கையை மிதித்ததில் அவன் வீலென்று அலற, அதையும் பொருட்படுத்தாமல் ஓடிவந்தாள். ஓட்டத்தில்கூடக் காலடிச் சத்தம் இல்லை. கட்டிக்கொள்ளத்தான் வருகிறாள் என்று நினைத்து இவள் மண்டியிட்டுக் கைகளை விரித்தாள். வந்த வேகத்தில் பிள்ளை தன் உள்ளங்கையை அம்மாவின் வாய்மேல் வைத்து அழுத்திப் பொத்தினாள். அந்தச் சின்னக் கைக்குள் அவ்வளவு பலம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. பல் உதட்டில் குத்தியது.

'ஆஹா, அருமை! எவ்வளவு அழகாப் பதில் சொல்றீங்க!' என்றது பெட்டி.

டீச்சர் பெட்டியைப் பார்த்தார். பிறகு மண்டியிட்டிருந்தவளின் முகத்தைப் பார்த்தார். அவர் கை சுவிட்சை நோக்கிப் போய், போன இடத்திலேயே நின்றது. மகள் யாரையும் பார்க்கவில்லை. கண்களில் நீர் முட்டி வழிய, மேலே கறுப்புப் பெட்டியையே பார்த்தபடி, கறுத்த நகமிருந்த இன்னொரு கையால் தன் வாயையும் பொத்திக்கொண்டாள்.